பூட்டு, சாவி, நம்பிக்கை: பிரிட்டனின் குகைகளுக்கும் பழைய சுரங்கங்களுக்கும் வட்டார மன்றங்கள் வழி ஏற்படுத்தும் முறை – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் மலைமேல் பிரிடி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்குள் மூன்று குகைகள் உள்ளன. மூன்றுக்கும் மூன்று விதமான ஏற்பாடு. 1901ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆராயப்பட்ட சுவில்டன்ஸ் ஹோலில் இறங்க விரும்புபவர், நில உரிமையாளருக்கு ஒரு சிறு தொகையைச் செலுத்திவிட்டு வயல்வழியே நடந்து போகலாம். அங்கே பூட்டு இல்லை. 1939இல் கண்டறியப்பட்ட ஜி.பி. குகைக்குச் சாவி வேண்டும். அந்தச் சாவி, குகைப் பயணிகளின் கழகங்கள் சேர்ந்து நடத்தும் சார்ட்டர்ஹவுஸ் கேவிங் கம்பெனி வழியாகவே கிடைக்கும். 1953இல் திறக்கப்பட்ட செயின்ட் கத்பர்ட்ஸ் ஸ்வாலட்டுக்கோ சாவி இருந்தாலும் போதாது. அதற்கென ஏற்கப்பட்ட வழித்தலைவர் ஒருவர் உடன் வந்தால்தான் நுழைய முடியும்.

ஒரே மலை, ஒரே சுண்ணாம்புப் பாறை, ஏறத்தாழ ஒரே கூட்டத்துப் பயணிகள். அப்படியிருந்தும் ஏற்பாடுகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், பிரிட்டனின் வட்டாரக் குகை மன்றங்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதி விளங்கிவிடும். கழகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்து, இந்த நுழைவுப் பொறுப்பை ஏற்க முன்வருபவரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இறங்க மட்டும் விரும்புபவருக்கு ஏழாம் படி போதும். ஆனால் முந்தைய ஆறையும் படித்தவர் பூட்டிய கதவின் முன் நின்று சலித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுமைக்குமான அமைப்பு பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன்; இனி அதைத் தேசியச் சங்கம் என்பேன். அதன் கீழ் யார்க்‌ஷர் டேல்ஸையும் அதை ஒட்டிய வட பகுதிகளையும் கவனிக்கும் வடக்குக் குகைக் கழகங்களின் மன்றம், டெர்பிஷர் கேவிங் அசோசியேஷன், வேல்ஸுக்கான கேம்ப்ரியன் கேவிங் கவுன்சில், மெண்டிப்பை மையமாகக் கொண்ட தெற்குக் குகைக் கழகங்களின் மன்றம், டெவன்–கார்ன்வால் நிலத்தடி மன்றம் ஆகியவை இயங்குகின்றன. இவற்றின் பொறுப்பாளர்கள் தன்னார்வலர்கள். பெரும்பாலும் ஒரு குகைகூட இவற்றுக்குச் சொந்தமில்லை. பிறருடைய சொத்துக்கு வழி பேசி வாங்கித் தரும் இடையாள் வேலைதான் இவற்றின் வேலை. அந்த இடையாளின் கையில் உள்ள ஒரே மூலதனம், உரிமையாளர் அவர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை.

படி 1: காலடி மண்ணும் அதன் அடியும் யாருடையவை எனக் கண்டறிதல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மேல்நிலம் யாருடையதோ அவருக்கே அதன் அடியும் சொந்தம் என்பது பொதுவிதி. ஆனால் அந்த விதிக்கு விலக்குகள் பல, குகை மன்றத்தார் இடறி விழுவதும் அங்கேதான். கனிம உரிமை மேல்நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறொருவரிடம் இருக்கலாம்; பொன்னும் வெள்ளியும் என்றால் அவை மகுடத்துக்குரியவை; நிலக்கரி என்றால் அதற்கென உள்ள அரசு அமைப்பிடம் போக வேண்டும். டெர்பிஷரின் ஈயச் சுரங்கப் பகுதிகளில் இதைவிடப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தேவாலய முற்றம், தோட்டம், பழத்தோப்பு, நெடுஞ்சாலை போன்ற சில இடங்கள் நீங்கலாக, யாருடைய நிலமானாலும் ஈயம் தேடித் தோண்டச் சுரங்கத் தொழிலாளிக்கு அங்கே வழக்குரிமை இருந்தது. அதை மேற்பார்த்த பார்மோட் என்னும் மன்றம் வெர்க்ஸ்வொர்த் ஊரில் இன்றும் கூடுகிறது. அதன் அதிகாரியான பார்மாஸ்டரின் பெயர் ஈயச் சுரங்கம் பற்றிய பேச்சில் இன்றும் அடிபடும்.

ஆகவே மனையின் உரிமையாளரைக் கண்டுவிட்டதோடு தேடல் முடிவதில்லை. குகைவாய் ஒருவர் நிலத்தில் இருக்கும்; அதற்குப் போகும் பாதை இன்னொருவர் வயலில் செல்லும்; அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்ப்பவர் மூன்றாமவராக இருப்பார். பெரிய பண்ணைகளில் உரிமையாளர் கடிதத்தில் மட்டுமே தென்படுவார். நாள்தோறும் பயணிகளைப் பார்க்கிறவர் குத்தகை விவசாயிதான். மேலிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் போன ஏற்பாடு நீண்ட நாள் நிற்காது என்பது என் எண்ணம். பூமிக்கடியிலும் இதே சிக்கல் தொடர்கிறது: நீண்ட குகையொன்று பல உரிமையாளர்களின் நிலங்களுக்கு அடியில் ஓடுகிறது, நடைமுறையில் நுழைவாயில் உள்ள நிலத்தாரிடமே பேச்சு நடக்கிறது.

இங்கே ஒரு சட்டப் பூசலையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டம், மலை, தரிசு, பொதுமேய்ச்சல் நிலங்களில் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக நடந்து செல்லும் உரிமையை மக்களுக்கு அளித்தது. வட இங்கிலாந்தின் புகழ்பெற்ற குழிகள் பலவும் அத்தகைய நிலத்தில்தான் உள்ளன. குகைக்குள் இறங்குவது ‘திறந்தவெளி’ ஆகுமா என்பதே கேள்வி. பகல் வெளிச்சம் எட்டும் எல்லை வரைதான் உரிமை என்பது அரசுத் தரப்பின் விளக்கமாக இருந்தது. 2014இல் தேசியச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, இவ்வுரிமை குகைக்கும் பொருந்தும் என்று வாதாடுவதற்குப் பெரும்பான்மையோர் இசைந்தனர். ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லையே இல்லை: அங்கே 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், வழியுரிமை நிலத்தின் மேற்பரப்பில் மட்டுமன்றி அதற்கு மேலும் கீழும் செல்லும் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்துவிட்டது. ஒரே தீவில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பாறைக்கு அடியில் சட்டம் மாறிவிடுகிறது.

படி 2: உரிமையாளரின் அச்சத்தைப் பேசித் தீர்த்தல்

உரிமையாளர் மறுப்பதற்குச் சொல்லும் காரணமும் உள்ளூர அஞ்சும் காரணமும் பெரும்பாலும் வேறு வேறு. ஆடுகள் கலைகின்றன, வாயிற்படலைத் திறந்தே விட்டுப் போகிறார்கள், சாலையோரத்தில் நின்று உடை மாற்றுகிறார்கள் என்பார். இவையும் உண்மைதான், கடைசியாகச் சொன்னது சிரிப்பாகத் தோன்றினாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டுச் சன்னலுக்கு எதிரே இறுக்கமான ரப்பர் உடைக்குள் புகப் போராடும் பத்துப் பேரைப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது. ஆனால் அடியிலிருக்கும் அச்சம், ஒருவர் உள்ளே இறந்துவிட்டால் வழக்கு தன்மேல் வருமோ என்பது.

அதற்கு அடிப்படை உண்டு. நிலத்துக்குள் வருபவர்மீது நிலத்தை வைத்திருப்பவருக்குள்ள பொறுப்பை 1957, 1984 ஆண்டுகளின் சட்டங்கள் வரையறுக்கின்றன. முதலாவது அழைப்பு பெற்று வருபவர்களைப் பற்றியது, இரண்டாவது அத்துமீறி வருபவர்களையும் உள்ளடக்கியது. 1967 ஜூனில் யார்க்‌ஷரின் மாஸ்டேல் குகையில் திடீர் வெள்ளத்தில் ஆறு இளைஞர்கள் இறந்தபோது, அதன் வாயில் கான்கிரீட்டால் அடைக்கப்பட்டது. அப்படியொரு நாள் தன் நிலத்தில் வரக்கூடாது என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது.

மன்றம் இதற்குக் காப்பீட்டைக் கொண்டு பதில் தருகிறது. தேசியச் சங்கத்தின் உறுப்பினர்களுக்குப் பொதுப்பொறுப்புக் காப்பீடு உண்டு. குகைப் பயணத்தால் எழும் உரிமைக் கோரிக்கைகளில் நில உரிமையாளரையும் அது காக்கிறது. இது பயணிக்கு அடிபட்டால் பணம் தரும் விபத்துக் காப்பீடு அன்று என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. உறுப்பினர் அட்டை இல்லாதவரை உள்ளே விட மன்றங்கள் தயங்குவதன் காரணமும் இதுவே: ஓர் ஆள் காப்பீடின்றி நுழைந்தாலும் உரிமையாளருக்குக் கொடுத்த சொல் பொய்த்துப் போகிறது.

பேச்சு ஒத்துவந்தால் அதை எழுத்தில் வைப்பது நல்லது. எழுதுவது எளிய தாளாக இருக்கட்டும்: யார் வரலாம், எந்தப் பாதை, எங்கே வண்டி நிறுத்தம், எந்த மாதங்களில் மூடப்படும், யாருக்குத் தொலைபேசி செய்வது, எவ்வளவு முன்னறிவிப்புடன் எந்தத் தரப்பும் விலகலாம். வழக்கறிஞர் எழுதிய இருபது பக்க ஆவணத்தைக் கண்டதும் பின்வாங்கும் விவசாயி, சமையலறை மேசையில் எழுதிய ஒற்றைத் தாளுக்கு இசைவார்.

படி 3: கட்டுப்பாட்டின் அளவைத் தேர்தல்

தேசியச் சங்கத்தின் அமைப்பு விதிகளிலேயே இதற்கான அளவுகோல் இருக்கிறது. நுழைவைத் தரவும் மறுக்கவும் உரிமையாளருக்கே உரிமை. ஆனால் அந்த அதிகாரம் ஒரு குகை அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டால், பொறுப்புள்ள எல்லாப் பயணிகளுக்கும் ஒப்பந்தம் இடந்தரும் அளவுக்குத் தாராளமாக அது வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். சாவி வைத்திருக்கும் கழகம் தன் நண்பர்களுக்கு மட்டும் குகையைத் திறந்துவிடும் பழக்கத்தைத் தடுக்கவே இவ்விதி.

கட்டுப்பாட்டில் படிநிலைகள் உண்டு. திறந்த நுழைவு முதலாவது. வீட்டு வாசலில் சொல்லிவிட்டோ பணம் கட்டியோ போவது அடுத்தது. அதற்கடுத்து முன்பதிவு. யார்க்‌ஷரையும் லங்காஷரையும் ஒட்டிய லெக் ஃபெல், காஸ்டர்டன் ஃபெல் பகுதிகளுக்கு ஒரு காலத்தில் செயலாளருக்குக் கடிதம் எழுதி அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருந்தது. வடக்கு மன்றம் பின்னர் அதை இணையவழி முன்பதிவாக மாற்றியது. முன்பதிவின் பயன் உரிமையாளருக்கு மட்டும் அன்று. கயிற்றில் இறங்க வேண்டிய குழியில் ஒரே நாளில் இரண்டு குழுக்கள் வந்தால், பாறையில் பதித்த ஒரே பிடிப்பில் இரண்டு கயிறுகள் தொங்கும். கீழிருப்பவர் தலைமேல் மேலிருப்பவரின் கல் விழும். எந்தக் கயிறு யாருடையது என்று தெரியாமல் திரும்பும் வேளையில் ஒருவர் மற்றவர் கயிற்றை அவிழ்த்துவிடும் ஆபத்தும் உண்டு.

அதற்கும் மேல் சாவி முறை. தென் வேல்ஸின் ஓகோவ் ஃபினான் டூ 1946இல் கண்டறியப்பட்டது. இன்று தேசிய இயற்கைக் காப்பகத்தின் பகுதி. அதற்கு அனுமதியும் சாவியும் வேண்டும். உச்சியில் இருப்பது வழித்தலைவர் முறை. செப்ஸ்டோ அருகே வை ஆற்றங்கரையில் உள்ள ஆட்டர் ஹோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முன்பகுதி கடலோதத்தால் மூழ்கித் திறக்கிறது; ஓதக் கணக்கு பிசகினால், நீர் இறங்கும் வரை மணிக்கணக்கில் உள்ளேயே காத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பிரிட்டனின் மிகச் செழிப்பான சுண்ணாம்புத் தொங்கல்களும் தூண்களும் வரிசையாக நிற்கின்றன. வழி தெரிந்தவர் கூட வரவேண்டும் என்பதற்கு அங்கே உயிர், இந்தச் சுண்ணாம்புப் படிவங்கள் என இரண்டு காரணங்கள் உள்ளன.

எதைத் தேர்வது என்பதற்கு நான் கைக்கொள்ளும் சோதனை எளிது: இந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். வௌவால், படிவம், தொல்பொருள், உரிமையாளரின் நிபந்தனை, குழந்தைகள் தவறி விழக்கூடிய செங்குத்துக் குழி ஆகியவற்றில் எதுவும் இல்லாமல், ‘எப்போதும் அப்படித்தான்’ என்று மட்டும் பதில் வந்தால், அந்தப் பூட்டைக் கழற்றலாம். தேவையற்ற பூட்டை ஒருநாள் யாரோ உடைப்பார்கள். உடைந்த பூட்டைப் பார்க்கும் உரிமையாளர், தேவையான பூட்டின்மேலும் நம்பிக்கை இழப்பார்.

படி 4: கதவு அமைத்தல்

கதவு என்று முடிவானால், உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்ளாத வகையில் அது அமைய வேண்டும் என்பதே முதல் விதி. வெளியே யாரோ தெரியாமல் பூட்டிவிட்டுப் போனாலும் உள்ளிருந்து திறக்க வழி இருக்க வேண்டும், அல்லது சாவி குழுவோடு உள்ளே போக வேண்டும். வௌவால் தங்கும் இடமானால் கதவு பலகையாக இருக்கக் கூடாது; கிடைக்கம்பிகள் கொண்ட கிராதியாக இருக்க வேண்டும். கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் வௌவால் பறந்து போகும், ஆள் நுழைய முடியாது. காற்றோட்டத்தைத் தடுத்தால் உள்ளே வெப்பநிலையும் ஈரமும் மாறி, வௌவாலும் விலகும், படிவமும் கெடும்.

கால்நடைகளும் தெரியாதவர்களும் விழாமல் இருப்பதே நோக்கமென்றால் பூட்டே வேண்டாம். சாதாரண ஸ்பேனரால் கழற்றக்கூடிய திருகாணி மூடி போதும்.

படி 5: ஆண்டின் நாட்களை வகுத்தல்

குகைக்குள் பருவம் இல்லை. குகைக்கு மேலே உண்டு. ஏப்ரலை ஒட்டி மலைப்பண்ணைகளில் ஆடுகள் ஈனும் காலம். கோடைத் தொடக்கம், தரையில் கூடுகட்டும் பறவைகளுக்குரியது. ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை கிரௌஸ் பறவை வேட்டைப் பருவம். வேட்டை நடக்கும் நாட்களில் அந்த மலைச்சரிவில் ஆள் நடமாட்டத்தைப் பண்ணையார் விரும்புவதில்லை. குளிர்மாதங்களில் வௌவால்கள் உறங்குகின்றன. 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, தங்குமிடத்தில் அவற்றைக் கலைப்பது குற்றம். உறக்கத்திலிருந்து எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் வௌவால் தன் கொழுப்புச் சேமிப்பைச் செலவழிக்கிறது. குளிர்காலம் முடியுமுன் சேமிப்பு தீர்ந்துவிட்டால் அது பிழைப்பதில்லை. இவற்றையெல்லாம் ஒரே தாளில் குறித்தால், சில மலைகளில் தடையற்ற வாரங்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு என்பது தெரியும். எனவே ‘முழு மூடல்’ என்பதற்குப் பதில் ‘இந்தப் பகுதி மட்டும்’, ‘இந்தக் கிழமை மட்டும்’ என்று நுணுக்கமாகப் பேசி வாங்குவதே மன்றத்தாரின் திறமை.

2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது கிராமப்புறமே மூடப்பட்டது. குகைப் பயணங்களும் நின்றன. அத்தகைய காலத்தில் முதலில் விலகி நிற்பவர்களாக இருப்பதும், திறந்துகொள்ளலாம் என்று விவசாயியே சொல்லும் வரை காத்திருப்பதும், பின்னர் பல ஆண்டுகளுக்கு நல்லெண்ணமாகத் திரும்பி வரும்.

படி 6: கைவிடப்பட்ட சுரங்கங்கள்

சுரங்கத்தைக் குகை போல நடத்தக் கூடாது. பல்லாயிரம் ஆண்டுகள் நின்ற குகைக்கூரை நாளையும் நிற்கும் என்று ஓரளவு நம்பலாம். 1800களில் மனிதர் வெட்டிய சுரங்கத்தில் கழிவுப் பாறைகளை மரச்சட்டங்கள்மேல் அடுக்கித் தலைக்கு மேலே நிறுத்திவைத்திருப்பார்கள், அந்த மரம் இப்போது மக்கிக்கொண்டிருக்கும். நடக்கும் தரையே மரப்பலகைமேல் கொட்டிய மண்ணாக, அதன் கீழே ஆழக் குழியாக இருக்கலாம். காற்றோட்டமில்லாத மூலைகளில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். டெர்பிஷரில் கதிரியக்கமுள்ள ரேடான் வாயுவையும் கணக்கில் கொள்ள வேண்டும், குறிப்பாக அடிக்கடி குழுக்களை அழைத்துச் செல்லும் பயிற்சியாளர்கள்.

சட்டமும் வேறு. கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாயிலை, யாரும் தற்செயலாக விழாதபடி அடைத்துவைக்கும் கடமையை 1954ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கல்லுடைப்புகள் சட்டம் உரிமையாளர்மேல் சுமத்துகிறது; 1872 ஆகஸ்ட் 9க்குப் பிறகு வேலை நடக்காத உலோகச் சுரங்கங்களுக்கு மட்டும் விதி சற்று மாறுபடும். மன்றத்துக்கு இது ஒரு வாய்ப்பும்கூட. அடைக்க வேண்டிய கட்டாயத்தில் உள்ள உரிமையாளர், கான்கிரீட்டைக் கொட்டி மொத்தமாக மூடிவிட எண்ணுவார். அவரிடம் போய், உங்கள் கடமையை நாங்களே நிறைவேற்றித் தருகிறோம், மூடியில் ஒரு திறப்பு மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம். செலவும் உழைப்பும் மன்றத்துடையது, பாதுகாப்பு உரிமையாளருடையது, வழி எல்லோருடையது.

நீடித்த ஏற்பாட்டுக்கு ஆல்டர்லி எட்ஜைச் சொல்வேன். செஷரில் உள்ள இந்தச் செம்புச் சுரங்கங்களின் வரலாறு வெண்கலக் காலத்துக்குப் போகிறது. நிலத்தை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடமிருந்து டெர்பிஷர் கேவிங் கிளப் 1970கள் முதல் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பராமரித்து வருகிறது. பொதுமக்களுக்கெனத் திறப்பு நாட்களும் நடத்துகிறது. 1995இல் அக்கழகத்தார் அங்கே ரோமானிய நாணயங்கள் 564 கொண்ட புதையலைக் கண்டெடுத்தனர். பூட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்களே ஆய்வாளர்களாகவும் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

படி 7: இறங்கப் போகிறவர் செய்ய வேண்டியவை

எந்த மன்றத்தின் எல்லைக்குள் குகை வருகிறது என்று பார்த்து, அந்தக் குகைக்குரிய நுழைவுக் குறிப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கவும். போன ஆண்டு திறந்திருந்தது இந்த ஆண்டு மூடியிருக்கலாம். பதிவு செய்த நாளில் போக முடியாவிட்டால் பதிவை நீக்கவும். சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தி, சொன்ன பாதையிலேயே நடக்கவும். வாயிற்படலைக் கண்ட நிலையில் விட்டுச் செல்லவும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. உள்ளே படிவங்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் நாடாவைத் தாண்டக் கூடாது. எத்தனை மணிக்கு மேல் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்கவும். அவர் அவசர எண்ணான 999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, அவர்கள் வழியாகக் குகை மீட்புக் குழுவை வரவழைக்க வேண்டும்.

அனுமதிச் சீட்டு திறமைச் சான்றிதழ் அன்று. உங்களால் முடியுமா என்று மன்றம் கேட்பதில்லை. 2021 நவம்பரில் ஓகோவ் ஃபினான் டூவில் அனுபவமுள்ள ஒருவர் விழுந்து காயமுற்றபோது, வெளியே கொண்டுவர 50 மணி நேரத்துக்கும் மேலானது, பல வட்டாரங்களிலிருந்து 200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்தனர். 1935இல் தொடங்கி, வட இங்கிலாந்தின் கிளாப்பம் ஊரைத் தளமாகக் கொண்டது போன்ற மீட்புக் குழுக்கள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

படி 8: பிணக்கும் மறுபேச்சும்

1994இல் தென் வேல்ஸில் கண்டறியப்பட்ட ஓகோவ் டிரேனன், 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. தூரத்துப் பகுதிகளைக் காக்க ஒரே நுழைவாயில் போதும் என்றது அதை நிர்வகித்த குழு. களைத்த கால்கள்தான் படிவங்களை மிதிக்கின்றன, இரண்டாம் வாயில் இருந்தால் தேய்மானம் குறையும் என்றனர் மறுதரப்பினர். வாயில்கள் தோண்டப்பட்டன, அடைக்கப்பட்டன. பூசல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இரு பக்கமும் குகையைக் காக்கவே வாதாடியது என்பதுதான் அதன் வேதனை. இத்தகைய நேரத்தில் வட்டார மன்றம் நீதிபதி அன்று. உரிமையாளர் முன்னிலையில் கழகங்கள் ஒன்றையொன்று ஏசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே அதன் முதல் வேலை. சண்டையைக் கண்ட உரிமையாளர் இரு தரப்புக்கும் சேர்த்துக் கதவை மூடிவிடுவார்.

கடைசியாக, நிலம் கைமாறும் தருணம். பழைய உரிமையாளரோடு செய்துகொண்ட நல்லெண்ண ஏற்பாடு பெரும்பாலும் அவரோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு குகைக்கும் ஒரு கோப்பு வைத்திருக்க வேண்டும்: ஒப்பந்தத்தின் நகல், கதவு பழுதுபார்த்த நாட்கள், வருகையின் அளவு, எழுந்த புகார்கள், அவற்றுக்கு எடுத்த நடவடிக்கை. விற்பனைச் செய்தி தெரிந்தவுடன், புதியவர் தன் நிலத்தில் தலைக்கவசம் அணிந்த அந்நியரைக் கண்டு திடுக்கிடும் முன்பே, மன்றத்தின் சார்பில் ஒருவர் அந்தக் கோப்போடும் காப்பீட்டுச் சான்றோடும் அவர் வாசலுக்குப் போய்விட வேண்டும். விருப்பப்பட்டால் அவரையே குகைக்குள் அழைத்துச் சென்று காட்டலாம். தன் வயலுக்கடியில் இருப்பதைக் கண்ணால் கண்ட உரிமையாளரிடம் அடுத்த பேச்சு எளிதாக இருக்கும்.